நாலரை மணி நேரத் தூரம்

பிப்ரவரி 4

அன்பு வாண்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லாமல் இருக்கிறோம், என் காதைத் தவிர. அது குறைந்துகொண்டே போவதால் அதைக் கணக்கில் சேர்ப்பதை விட்டுவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமா? வயிற்றில் இருப்பவர் சுகமா?

விஷயம் எனக்கு வந்து சேர்ந்த விதத்தைச் சொல்கிறேன். நீ அம்மாவுக்குப் போனில் சொன்னாய். அம்மா என்னிடம் வந்து, "உங்க பொண்ணு மாசமா இருக்காளாம்" என்றாள். எனக்கு "மோசமா இருக்காளாம்" என்று விழுந்தது. பதறிப்போய், "என்ன மோசம், யாரு பக்கத்துல இருக்கா?" என்று எழுந்து சட்டையை மாட்டிவிட்டேன். "மோசமா இல்ல, மாசமா" என்று அவள் கத்தியது தெருமுனை வரை போயிற்று. எதிர் வீட்டுக் கம்பவுண்டர் ஜன்னலிலிருந்தே கையைத் தூக்கி வாழ்த்தினார். இந்த வீட்டில் இப்போதெல்லாம் எனக்கு ஒரு செய்தி தெரிந்தால் தெருவுக்கும் தெரியும். முப்பது வருஷம் இன்ஜினைப் பக்கத்தில் உட்கார வைத்து பஸ் ஓட்டியதற்கு அரசாங்கம் கொடுத்த பென்ஷன் ஒன்று, இன்ஜின் கொடுத்த பென்ஷன் இது.

அம்மாவைப் பேறுகாலத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். மனு மேலிடத்தில் இருக்கிறது. மேலிடம் தலையைத் தூக்காமல் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துக்கொண்டிருக்கிறது. நான் கேட்டபோது "பாக்கலாம்" என்று வந்தது பதில். ஆபரேஷன் செய்த கண் நன்றாகிவிட்டது. ஊசியில் ஒரே தடவையில் நூல் கோக்கிறாள். என் முகத்தையும் தெளிவாகப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வயசாயிடுச்சா உங்களுக்கு" என்றாள். பழைய கண்ணே எனக்குத் தோதாக இருந்தது.

போனில் தட்டி அனுப்பச் சொல்லாதே. என் விரல் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுகிறது. தபாலே போதும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


பிப்ரவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் கண்ணும் உங்கள் காதும் எப்படி?

உங்கள் கடிதத்தை லேபில், சாப்பிடும் நேரத்தில் படித்தேன். "மோசமா" வந்ததும் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் என்ன என்று கேட்டாள். அவளுக்கு எப்படி விளக்குவது? கேட்டதற்குப் பல்லைக் காட்டினேன். பல்செட் செய்யும் இடத்தில் அது ஒன்றுதான் இலவசம்.

வேலை நின்றுகொண்டேதான். மெழுகில் பல் அடுக்கி, அச்சு வார்த்து, கடைசியில் தேய்க்க வேண்டும். சாயங்காலம் ஷூ கழற்றினால் கால் திரும்ப அதற்குள் போக மாட்டேன் என்கிறது. அவருக்குக் குளிர்பதனக் கிடங்கில் இன்னும் ராத்திரி ஷிஃப்டுதான். அவர் வீட்டுக்குள் வரும்போது நான் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பேன். வாசலில் சாவியைக் கைமாற்றிக்கொள்கிறோம், அதோடு சரி.

செப்டம்பரில் தேதி கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் இந்தத் தடவை ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறார். ஜூனிலிருந்து அம்மா பக்கத்தில் இருந்தால் எனக்குப் போதும். வேறு யாரும் வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் எழுதுங்கள். அம்மாவுக்கு என்மேல் என்ன? போன் செய்தால், "நல்லா இருக்கேன். வேலை கெடக்கு. வெக்கிறேன்." இதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

இப்படிக்கு,
வாண்டு


மார்ச் 5

அன்பு வாண்டுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். கால் வீக்கத்துக்கு ராத்திரி தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படு. எனக்கு அப்படித்தான் வடியும். முப்பது வருஷம் கிளட்சை மிதித்த கால் சொல்கிறது, கேட்டுக்கொள்.

"இந்தத் தடவை" என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்திவிட்டேன். கேட்கவில்லை. நீயாகச் சொல்லும்போது சொல்.

மழுப்பாமல் எழுதச் சொல்கிறாய். லேட்டான வண்டியில் ஐம்பது பேருக்குப் பதில் சொல்லிச் சொல்லி மழுப்பலில் தேறியவன் நான். இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

நவம்பரில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று அல்லவா? ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண்ணால் வார்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் கழுத்தை நீட்டிப் பார்ப்பாள். பக்கத்துக் கட்டில் அம்மாளிடம், "எம்பொண்ணு லீவு கெடச்சதும் வந்துடுவா, பக்கம்தான்" என்று சொல்லி வைத்திருந்தாள். அந்த அம்மாளுக்கு மகள், மருமகள் என்று வேளைக்கு ஒருத்தி வந்தார்கள். மூன்றாம் நாள் உன் அம்மா கதவுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு உன்னைப் பற்றி அவள் கத்திப் பேசவில்லை. கத்தாவிட்டால் எனக்குத் தெரியாது என்று நினைத்தாள் போல.

இவ்வளவு கிட்டே இருந்துகொண்டு ஒரு நடை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம் என்பதுதான் அவள் குறை. நான் அவள் கட்சி இல்லை. ஆனால் எதிர்க்கட்சியாக நின்று பேசவும் என்னிடம் சரக்கு இல்லை. உனக்கு என்ன சங்கடமோ, எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா


மார்ச் 31

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இரண்டு வாரமாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். "இவ்வளவு கிட்டே இருந்துகொண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா குத்திப் பேசினால் எனக்குப் பழக்கம். நீங்கள் குத்துவீர்கள் என்று நினைக்கவில்லை. இங்கே வந்து மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட, பக்கத்தில்தானே இருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியதில்லை அப்பா.

நவம்பரில் என்னால் வர முடியாத நிலைமை. அதற்கு மேல் எழுதத் தெம்பு இல்லை.

அவர் டிக்கெட் எடுத்துவிட்டார். ஜூன் எட்டாம் தேதி. போக, வர, இரண்டையும் அச்செடுத்து இதில் வைத்திருக்கிறேன். நேராகப் போகும் விமானம், நடுவில் இறங்கி ஏற வேண்டாம். வருவதும் வராததும் அம்மாவின் இஷ்டம்.

வாண்டு


ஏப்ரல் 6

அன்பு வாண்டுக்கு,

ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. தபால்காரர் எங்கள் வீட்டைப் பார்த்தாலே இப்போது தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார். உடம்பு நன்றாக இருக்கிறதா? கோபமென்றால் கோபம் என்றாவது ஒரு வரி போடு.

இங்கே ஒரு நல்ல முன்னேற்றம். நேற்று கண்டக்டர் வந்தான். பதினெட்டு வருஷம் என் வண்டியில் விசில் ஊதி, இன்ஜின் மிச்சம் வைத்த காதையும் முடித்து வைத்தவன். இரண்டு பேருமாக மேலிடத்தை மடக்கினோம்.

"அக்கா, டிரைவர் ஓட்டின ரூட்டே ஏழு மணி நேரம். இது வெறும் நாலரை" என்றான்.

"அந்த ஏழு மணி நேர வண்டியில நான் ஏறினது ஒரே தடவை. பாதி வழியில எறங்கி வாந்தி எடுத்தேன். மொத்த பஸ்ஸும் வேடிக்கை பாத்துச்சு. இவரு வேற ஹார்ன் அடிக்கிறாரு."

"பின்னாடி லாரி நின்னுச்சு" என்றேன் நான்.

"பொண்டாட்டி வாந்தி எடுக்கறப்போ லாரிக்கு வழி விட்ட மனுஷன் நீங்க ஒருத்தர்தான்."

கண்டக்டர் விடவில்லை. "வானத்துல லாரியும் இல்ல, வேடிக்கை பாக்க ஆளும் இல்ல. கண்ணை மூடி முழிச்சா வாண்டு வீட்டு வாசல்."

அவன் சொன்னது என் கணக்கு. நீ கிளம்பிய அன்று விமான நிலையத்தில் உன் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேனே, ஞாபகம் இருக்கிறதா? புறப்பாடு காலை 9.40. வருகை அதே தேதி மதியம் 2.10. டிரிப் ஷீட் பார்த்துப் பழகின கண், சும்மா இருக்குமா? வருகையிலிருந்து புறப்பாட்டைக் கழித்தால் ஓட்ட நேரம். நாலரை மணி. அன்றிலிருந்து தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன், என் மகள் வெளிநாடு என்று பேர்தான், என் பழைய ரூட்டைவிடக் கிட்டே என்று. காலைப் பலகாரம் இங்கே, மதியச் சாப்பாடு அங்கே.

அம்மா கடைசியில், "டிக்கெட் வந்தா பாக்கலாம்" என்றாள். மேலிடத்து பாஷையில் அது பாதிச் சம்மதம். டிக்கெட்டை அனுப்பி வை, மீதிப் பாதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பதில் எழுது.

அப்பா


ஏப்ரல் 15

அன்பு வாண்டுக்கு,

உன் மார்ச் மாதக் கடிதமும் டிக்கெட்டும் இப்போதுதான் வந்தன. நாங்கள் சுகம்.

நான் குத்திவிட்டதாக எழுதியிருக்கிறாய். எதை வைத்துக் குத்தினேன் என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், புரியவில்லை. எதுவாக இருந்தாலும் மனதில் வைக்காதே. உன்னைக் குத்த எனக்குத் தெரியாது. அந்தப் படிப்பெல்லாம் நான் படிக்கவில்லை.

டிக்கெட்டில் ஒரு சந்தேகம். போகிற டிக்கெட் சரியாக இருக்கிறது, அதே 9.40, அதே 2.10. திரும்பி வருகிற டிக்கெட்டில் சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பி, மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவதாகப் போட்டிருக்கிறான். இருபத்தைந்து மணி நேரம். போகும்போது நாலரை, வரும்போது இருபத்தைந்து. இப்படி ஒரு ரூட்டை நான் கேள்விப்பட்டதில்லை.

கம்பவுண்டர், "அச்சுப் பிழை" என்கிறார். கண்டக்டர், "அது சுத்து வண்டி டிரைவரே. போறப்ப நேரா போவான், வர்றப்ப ஊர் ஊரா நிறுத்தி ஆள் ஏத்திக்கிட்டு வருவான்" என்கிறான். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. மாப்பிள்ளையிடம் சொல்லி நேர் வண்டியாக மாற்ற முடியுமா பார். அந்தத் தாளை அம்மாவிடம் காட்டவில்லை. போகிற டிக்கெட்டை மட்டும் காட்டினேன். இரண்டு கண்ணாலும் படித்துவிட்டு, எடுத்துப்போய் அளவு நோட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். மீதிப் பாதியும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா


ஏப்ரல் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் ஏப்ரல் ஆறாம் தேதிக் கடிதம் இன்று கிடைத்தது. சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு படித்தேன். நாலரை மணி என்ற இடம் வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்து பார்த்து, வலியா என்று பயந்துபோனார். கடிதத்தைக் கொடுத்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். சிரிக்கிறோமா அழுகிறோமா என்று எங்களுக்கே தெரியவில்லை.

அப்பா, டிக்கெட்டில் புறப்படுகிற நேரம் உங்கள் ஊர்க் கடிகாரம். இறங்குகிற நேரம் எங்கள் ஊர்க் கடிகாரம். எங்கள் கடிகாரம் உங்களுடையதைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விமானம் வானத்தில் இருப்பது பதினைந்து மணி நேரம். தூரம் பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

மூன்று வருஷமாக அம்மா கணக்கில் நான் நாலரை மணி தூரத்தில் இருந்துகொண்டு வராமல் இருந்திருக்கிறேன். "கிட்டே" என்று நீங்கள் எழுதியது குத்தல் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது. என் பேரிலும் தப்பு உண்டு. கிளம்பும்போது அம்மா அழுததால், "பக்கம்தாம்மா, மதியம் போய் இறங்கிடுவேன்" என்று நான்தான் சொன்னேன். பொய் சொன்னதாக நினைக்கவில்லை. டிக்கெட்டில் அப்படித்தானே போட்டிருந்தது?

நவம்பரைப் பற்றி எழுதிவிடுகிறேன். அப்போதும் எனக்கு மூன்று மாதம். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த வாரம்தான் கலைந்துவிட்டது. நானும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். போனில் லீவு இல்லை என்று சொன்னேன். கண்ணில் கட்டோடு இருப்பவரிடம் வேறு என்ன சொல்வது? இதை அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

தூரத்தையும் சொல்லாதீர்கள் அப்பா. உங்கள் வண்டியிலேயே பாதி வழி தாங்காதவர் பதினைந்து மணி நேரம் என்று தெரிந்தால் வரவே மாட்டார். ஏறி உட்கார்ந்த பிறகு தெரிந்துகொள்ளட்டும். என்னைத் திட்டட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன். இங்கே வந்து நின்று திட்டினால் போதும். இந்தத் தடவை எனக்குப் பயமாக இருக்கிறது.

வாண்டு


மே 4

அன்பு வாண்டுக்கு,

கடிதம் வந்தது. நாங்கள் நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன். நவம்பரில் இங்கே ஒரு கட்டிலில் அவள், அங்கே ஒரு கட்டிலில் நீ. இரண்டுக்கும் நடுவில் நான் ஆஸ்பத்திரி கேண்டீனில் டீ குடித்துக்கொண்டு, "லீவு கேட்டா குடுக்கவா மாட்டான்" என்று கண்டக்டரிடம் உன்னைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். யாராவது பக்கத்தில் இருந்தார்களா வாண்டு உனக்கு? மாப்பிள்ளையாவது லீவு போட்டாரா?

உன் கடிகாரம் வேறு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நீ சாயங்காலம் என்று சொல்லும்போதெல்லாம் இங்கே விடிந்துகொண்டிருக்கிறது, அதைச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். ஆனால் டிக்கெட்டில் அச்சடித்த கடிகாரமும் இரண்டு பட்டுக் கிடக்கும் என்று எட்டாம் வகுப்பு மூளைக்கு எட்டவில்லை. என் வண்டியில் எந்த ஊரில் இறங்கினாலும் அதே கடிகாரம்தான். பதிமூவாயிரத்தை என் ரூட்டில் வகுத்துப் பார்த்தேன். ஒரு நாள்கூடத் திரும்பாமல், ஒன்றரை மாதம் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

நீ சொன்னபடி வாயைத் திறக்க மாட்டேன். ஏறி உட்காரட்டும். கதவைச் சாத்திவிட்டால் அப்புறம் பைலட் பாடு.

மே 7

மேலே எழுதியதைத் தபாலில் போடவில்லை. அதற்குள் வாயைத் திறந்துவிட்டேன். திட்டாதே, படித்து முடி.

நேற்று அம்மா பெட்டி அடுக்கிப் பார்த்தாள். ஜூனுக்கு இப்போதே ஒத்திகை. கண்டக்டர் எடை பார்ப்பதற்காக எங்கிருந்தோ ஒரு தராசைத் தூக்கி வந்திருந்தான். அவள் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள், "முந்தின நாள் ராத்திரியோட சாப்பாடு, தண்ணி எல்லாத்தையும் நிறுத்திடப் போறேன். பாத்ரூம் போற வேலையே வேண்டாம். எந்திரிக்கவே மாட்டேன். நாலரை மணி நேரம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்துடுவேன்."

"ஏறும்போது கண்ணை மூடுங்கக்கா, எறங்கும்போது தொறங்க" என்றான் இவன்.

நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள். முட்டி வீங்கிய கால். பதினைந்து மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிடுவாள், வாண்டு. சொன்னால் செய்கிறவள். உன்னிடம் வந்து சேர்வது யார் என்று யோசித்துப் பார்த்தேன்.

"நாலரை இல்ல" என்றேன்.

"பின்ன?"

"பதினஞ்சு."

"பதினஞ்சு நிமிஷம் கூட ஆகுமா? ஆகட்டும்."

"பதினஞ்சு மணி நேரம்."

கண்டக்டர் தராசைக் கீழே வைத்தான். "எந்த ரூட்டுல போறான் டிரைவரே?"

சுவர்க் கடிகாரத்தையும் அவன் கை வாட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீ எழுதியபடி விளக்கினேன். முதலில் அவனுக்குப் புரிந்தது. "மூணு வருஷமா நானும் இதையேவா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்று வாட்சைத் திருப்பிக் கட்டிக்கொண்டான். அம்மா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னவோ மெதுவாகச் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. கண்டக்டரைப் பார்த்தேன், அவன் தரையைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அப்ப அவ போன அன்னிக்கு எத்தனை மணிக்கு எறங்கினா? நம்ம கடிகாரத்துல சொல்லுங்க."

"ராத்திரி பன்னெண்டே முக்கால் இருக்கும்."

"போன் எப்ப வந்துச்சு?"

"ஒரு மணிக்கு."

அவள் தலையை ஆட்டினாள். இதை நான் கவனித்ததே இல்லை வாண்டு. மதியம் இறங்கியவள் ராத்திரி ஒரு மணி வரைக்கும் பெற்றவளை நினைக்கவில்லை என்று அவள் அன்றைக்கே எண்ணி வைத்திருக்கிறாள். அன்று பகல் முழுக்கச் சாப்பிடாமல் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண் ஆபரேஷனுக்கு நீ வராதது இரண்டாவது குறைதான். முதல் குறையை அவள் கத்திச் சொன்னதே இல்லை.

"எறங்கின காலோட கூப்பிட்டிருக்கா" என்றாள்.

அப்புறம் என்னைப் பார்த்து, "அவ்வளவு தூரத்துலயா எம்புள்ளையைக் கொண்டுபோய் விட்டு வெச்சிருக்கீங்க?" என்றாள், நானே ஓட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்ட மாதிரி.

"முடியாதுன்னா விட்டுடு, வேற ஏற்பாடு..." என்று இழுத்தேன்.

"யாரு முடியாதுன்னா? ஜூன் வரைக்கும் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கணும்? முன்னாடி தேதி இருக்கான்னு மாப்பிள்ளையைக் கேக்கறேன். அந்தப் போனைக் குடு தம்பி."

"யூனிபார்ம்?"

"பள்ளிக்கூடம் தொறக்கும்போது தொறக்கட்டும்."

நாலரை மணிக்கு மூக்கால் அழுதவள் பதினைந்து மணிக்கு உடனே கிளம்புகிறாள். முப்பத்து நாலு வருஷம் குடும்பம் நடத்தியும் இவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று எனக்கு சிக்னல் தெரியவில்லை.

அவள் உங்களோடு பேசி முடித்திருப்பாள். நவம்பரைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அதைச் சொல்லவேண்டியது நீ.

அப்பா


மே 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன், பஸ்ஸுக்கு நேரமாகிறது.

அம்மா கூப்பிட்டார். அவர் கேட்டது தேதி, எனக்கு என்ன மாத்திரை கொடுக்கிறார்கள், லேபில் நாற்காலி உண்டா. "நாற்காலி இல்லன்னா கேட்டு வாங்கு, வாய் இருக்குல்ல" என்றார். நேற்றுக் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு நாள் கேட்டிருக்கலாம்.

டிக்கெட்டை மே இருபத்து நாலுக்கு மாற்றியாயிற்று. நடக்க இடமிருக்கிற ஓரத்து சீட். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று போனிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் வரும்போது அம்மா இங்கே வந்து இறங்கியிருப்பார்.

நீங்கள் தனியாக எப்படி இருப்பீர்கள்? அதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

வாண்டு


மே 25

இங்கே பார்,

உன்னை என்னவென்று கூப்பிட்டு எழுதுவது என்று காலையிலிருந்து மூன்று தாளைக் கிழித்தாயிற்று. இத்தனை வருஷமும் "இந்தா", "ஏய்", "எங்க இருக்க" என்றே ஓட்டிவிட்டோம். "அன்புள்ள" என்று போட்டால் நீ என்னைச் சந்தேகப்படுவாய். அதனால் இப்படியே இருக்கட்டும். உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது, தவறு இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் சுகம். நீயும் வாண்டுவும் மாப்பிள்ளையும் சுகம் என்று தெரிந்துகொண்டேன். முட்டி எப்படி இருக்கிறது?

உன்னை உள்ளே அனுப்பிவிட்டு நானும் கண்டக்டரும் விமான நிலையத்து வாசலில் வெகுநேரம் நின்றோம். விமானங்கள் வரிசையாகக் கிளம்பின, எது உன்னுடையது என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தோம். வீட்டில் மெஷின் நிற்கிறது. நீ மிதிக்கும்போது சத்தம் எனக்குக் கேட்டதில்லை. ஆனால் தரை அதிர்வது கால் வழியாக வரும், அடுத்த அறையில் படுத்திருந்தாலும் வரும். இன்று இரண்டு தடவை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் நின்று பார்த்தேன்.

இன்று காலை கண்டக்டர் வந்திருந்தபோது உங்கள் போன் வந்தது. அங்கே அப்போது ராத்திரி ஒன்பது இருக்கும். இப்போது நான் கணக்கில் புலி. அவன் போனைக் காதில் வைத்தான். நான் தாளையும் பேனாவையும் அவன் முன்னால் தள்ளினேன். கேட்டுக்கேட்டு எழுதிக் காட்டினான். "அக்கா வந்தாச்சு." அடுத்து, "தண்ணி குடிச்சாங்களாம்." அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதாமல் போனைக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்ன என்று கையை ஆட்டினேன். எழுதினான். "ரெண்டு பேரும் அழறாங்க. வேற சேதி இல்ல."

வாண்டு உன்னிடம் சொல்லிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். எனக்கு முன்னாலேயே தெரியும். அவள் சொல்லவேண்டிய விஷயம் என்பதால் சொல்லவில்லை. அதற்குத் திட்டுவதென்றால் திட்டு.

கண்டக்டர் போனை வைக்கப் போனான். வைக்காதே என்று சைகை காட்டினேன். பேசினால்தான் போனா? அழட்டும், காசு போனால் போகட்டும். அவன் கேட்டுக்கொண்டிருந்தான், நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்துத் தாளை இழுத்து ஒரு வரி எழுதினான். "சாப்பிட்டியான்னு கேக்கறாங்க."

நீ அவளைக் கேட்டாயா, அவள் உன்னைக் கேட்டாளா, இரண்டு பேருமாக என்னைக் கேட்டீர்களா என்று அவனுக்கும் தெரியவில்லை. குரல் மூன்றும் ஒன்று மாதிரிதான் இருந்தது என்கிறான், இருப்பதே இரண்டு குரல். எதற்கும் நான் சாப்பிட்டுவிட்டேன். நீங்களும் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்